உப்புக் காற்றும் ஒரு தளர்ந்த திருகாணியும்

கற்பிட்டியில் கடலைப் பார்த்த சுவரில் பல வருடம் இருந்த பிளக் பொயின்ட் ஒன்றை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, இடையில் ஒடுங்கிய நிலம். இங்கே வீசும் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும்.

வீடோ கடையோ தீப்பிடித்தால் 'மின் ஒழுக்கு' என்று செய்தி வரும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றுக்கும் காவல் வேறு வேறு.

வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் பிரேக்கர் விழும். உள்ளே இரட்டை உலோகத் தகடு ஒன்று சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. இரு வயர்கள் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் ஒரு காந்தச் சுருள் கணத்தில் அதைச் செய்துவிடும். ட்ரிப் சுவிட்சின் வேலை வேறு. போன மின்னோட்டம் அப்படியே திரும்பி வந்ததா என்று அது கணக்குப் பார்க்கும். வீடுகளில் பொருத்தும் 30 மில்லி அம்பியர் சுவிட்ச், அதற்கு மேல் ஒழுக விடாது. உயிர் காக்கும் கருவி அது.

மூன்றாவது கோளாறான தளர்ந்த இணைப்பை இவ்விரண்டும் காண்பதில்லை. 1800 வாட் கேத்தல் ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். களிம்பேறித் தளர்ந்த முனையின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 8 x 8 x 0.5 = 32 வாட். ஈயம் உருக்கும் சோல்டரிங் கோலின் சூடு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு பயறளவு இடத்தில்! பிரேக்கருக்கு அது வழக்கமான 8 அம்பியர்தான். போனது முழுவதும் திரும்பி வருவதால் ட்ரிப் சுவிட்சும் அசையாது. பிளாஸ்டிக் கருகிக் கரியாகிறது, கரி மின்சாரத்தைக் கடத்துகிறது, இடைவெளியில் மின்வில் பாய்கிறது. அதன் வெப்பம் ஆயிரக்கணக்கான பாகை. உப்பு மட்டுமா காரணம்? சதுரப் பிளக் துளைகளில் பேனை நுனியால் மூடியைத் திறந்து இரண்டு கம்பிப் பிளக்கைச் செருகுகிறோமே, அந்தத் தளர்வும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த மின்வில்லைப் பிடிக்க வந்ததே ஏ.எஃப்.டி.டி. என்ற கருவி. பிரேக்கர் பெட்டிக்குள்ளேயே அமரும். நம் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை மின்னோட்டம் பூச்சியத்தைத் தொடும்போது மின்வில் அணைந்து மீண்டும் பற்றுகிறது. அதனால் அலையின் வடிவில் சிறு தட்டைகள் விழுகின்றன, கூடவே உயர் அதிர்வெண் இரைச்சலும் எழுகிறது. பழைய வானொலியில் கரகரவென்று கேட்கும் இரைச்சலின் இனம்தான் அது. கருவிக்குள் இருக்கும் நுண்செயலி இந்த அடையாளங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். துளைபோடும் ட்ரில்லின் பொறியையும் ஆபத்தான மின்வில்லையும் அது பிரித்தறிய வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தின் கடினமான பகுதி இதுதான். 2013இல் வந்த ஐ.ஈ.சி. 62606 தரத்தின்படி, 5 அம்பியர் மின்வில்லை அரைச் செக்கனுக்குள் துண்டிக்க வேண்டும்.

அமெரிக்காவின் 1999ஆம் ஆண்டு மின் விதிக்கோவை இதன் இனக் கருவியை முதலில் படுக்கையறைகளுக்குக் கேட்டது; 2002இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆட்கள் உறங்கும் இடம் அல்லவா? பிரித்தானியா 2022இல், முதியோர் இல்லங்கள், மாணவர் விடுதிகள் போன்ற கட்டடங்களின் பிளக் சுற்றுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

கருவியை வாங்கி மாட்டிவிட்டால் கவலையில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். மின்வில் எழாமல் வெறுமனே கனன்றுகொண்டிருக்கும் முனையை அது பெரும்பாலும் உணராது. ஆகவே இந்தக் கரையோரத்தில் முதல் செலவு வயரிங் தெரிந்தவருக்கு ஆகட்டும். பொயின்ட்களைத் திறந்து களிம்பேறிய முனைகளை மாற்றி, திருகாணிகளை இறுக்கித் தரச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளையும் அகற்றச் சொல்லுங்கள். அதுவரை, கேத்தல் கொதித்து முடிந்ததும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றும்போது கம்பிகள் சுடுகின்றனவா, பொயின்ட்டின் முகம் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். சுட்டால் அந்தப் பொயின்ட்டில் மறுபடி எதையும் செருக வேண்டாம்.