வேகமாக வாசிக்க ஆசையா? ரொறன்ரோ தரும் அதிசயத் தகவல்கள் தெரியுமா!

ரொறன்ரோ பொதுநூலகத்துக்கு 100 கிளைகள்! ஸ்காபரோப் பக்கம் போனால் தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே தனி அடுக்குகள். ஒரு சதமும் கொடுக்காமல் கை நிறைய அள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் கொண்டுவந்ததை வாசித்து முடிக்கத்தான் நேரம் போதவில்லை. "இதைவிட இரண்டு மடங்கு வேகமாக வாசிக்க முடிந்தால்!" என்று ஏங்காதவர் உண்டா? அந்த ஏக்கத்துக்கு விடை சொல்லக்கூடிய சில முக்கியமான ஆய்வாளர்கள் இதே நகரத்தில்தான் பணியாற்றினார்கள். அவர்கள் கண்டுபிடித்தவற்றைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

வாசிக்கும்போது கண் ஓடுவதில்லை, துள்ளுகிறது! தெரியுமா?

வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதாகத்தானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கிறது, பிறகு சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. ஆங்கிலம் வாசிப்பவரின் கண் ஒரு தாவலில் 7 முதல் 9 எழுத்துகளைக் கடக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்! "ஒரே பார்வையில் முழுப் பக்கத்தையும் விழுங்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கண் அதற்காக அமைந்ததல்ல.

சராசரி வேகம் எவ்வளவு தெரியுமா?

நிமிடத்துக்கு 238 சொற்கள்! ஆங்கிலத்தில் கட்டுரை போன்றவற்றை மனத்துக்குள் வாசிக்கும் வளர்ந்தவர்களின் வேகம் இது. கதை என்றால் 260. பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரிஸ்பார்ட் 190 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் போட்ட கணக்கு. தமிழில் வேற்றுமை உருபு, காலம், எண், இடம் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால் சொல்லின் எண்ணிக்கை இயல்பாகவே குறையும். அதற்காக மனம் தளர வேண்டாம்!

வெள்ளை மாளிகைக்குள்ளேயே வேக வாசிப்பு வகுப்பு நடந்தது தெரியுமா?

1959இல் அமெரிக்காவில் எவலின் வூட் என்ற ஆசிரியை வேக வாசிப்புப் பள்ளி தொடங்கினார். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் என்று விளம்பரம்! ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டார். பின்னர் ஆய்வாளர்கள் வேக வாசகர்களைச் சோதித்தபோது உண்மை வெளிவந்தது. எளிய கட்டுரையின் சாரத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் நுணுக்கமான விவரம் கேட்டால் தடுமாறினார்கள். 2016இல் ஐந்து அறிஞர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளை அலசினார்கள். அவர்களில் ஒருவர் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்து மைக்கேல் மாசன். அவர்களின் தீர்ப்பு: வேகத்தை வெகுவாகக் கூட்டினால் புரிதல் குறைந்தே தீரும்!

திரும்பிப் பார்ப்பது குற்றமல்ல! தெரியுமா?

நம் கண்ணின் தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கிப் போகின்றன. இதைக் கெட்ட பழக்கம் என்று பல பயிற்சி வகுப்புகள் திட்டும். ஆனால் 2014இல் ஓர் ஆய்வில், கண் கடந்துபோன சொற்களை உடனுக்குடன் மறைத்துவிட்டார்கள். திரும்பிப் பார்க்க வழியில்லை. என்ன ஆனது? புரிதல் சரிந்தது! குழப்பம் வந்த இடத்துக்குக் கண் தானாகவே திரும்புவது மூளையின் கெட்டித்தனம். பிள்ளை ஒரு வரியை மறுபடி வாசித்தால் அதட்டாதீர்கள்!

தலைகீழாக அச்சடித்த பக்கத்தையும் சரளமாக வாசிக்கலாம்! தெரியுமா?

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் போல் கோலர்ஸ் 1970களில் மாணவர்களுக்குத் தலைகீழ் எழுத்துப் பக்கங்களைக் கொடுத்தார். முதல் பக்கத்தை வாசிக்க 16 நிமிடத்துக்கு மேல் ஆனது! சாதாரணப் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம்தான். ஆனால் ஏறக்குறைய 200 பக்கங்கள் பயின்ற பிறகு, தலைகீழ்ப் பக்கமும் கிட்டத்தட்ட சாதாரண வேகத்துக்கு வந்துவிட்டது. ஓராண்டு கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தார். முதல் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்! திறமை முழுதாகத் தொலைந்துபோகவில்லை. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் செய்தி வேண்டுமா?

மக்லூகன் எப்படி வாசித்தார் தெரியுமா?

ஊடகச் சிந்தனையால் உலகையே கலக்கிய மார்ஷல் மக்லூகன் ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர். கனமான நூல்களில் வலப்பக்கங்களை மட்டுமே வாசித்துவிட்டுப் போவாராம்! விட்டுப்போன இடப்பக்கத்தை அவருடைய பரந்த படிப்பே நிரப்பிக்கொடுத்தது. தெரிந்த துறையில் தாவி வாசிக்கலாம். புதிதாக ஒரு பாடம் தொடங்கும் மாணவர் இதைச் செய்தால் பரீட்சையில் கையைக் கடித்துவிடும்!

விளையாட்டு அறிவு வாசிப்புத் திறனையே வென்ற கதை தெரியுமா?

1988இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்போல் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைப் புரிதலில் முந்திவிட்டார்கள்! புளூ ஜேய்ஸ் ஆட்டத்தை விடாமல் பார்க்கும் ரொறன்ரோப் பிள்ளைக்கு அந்த அணியைப் பற்றிய புத்தகத்தையே கையில் கொடுங்கள். வாசிப்பு எப்படிப் பறக்கிறது என்று பாருங்கள்!

ஒரு நாளைக்கு 21 நிமிடம் என்ன செய்யும் தெரியுமா?

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வில், 100 பேரில் 90 பேரைவிட அதிகம் வாசிக்கும் பிள்ளை பள்ளிக்கு வெளியே நாளுக்கு 21 நிமிடம் புத்தகம் வாசித்தது. ஆண்டுக்கு 18 லட்சம் சொற்கள்! கடைசிப் பத்துப் பேரின் எல்லையில் நின்ற பிள்ளைக்கோ வெறும் 8,000 சொற்கள்தான். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய கீத் ஸ்டானோவிச் இந்த இடைவெளியைத்தான் 1986இலேயே "மத்தேயு விளைவு" என்று விளக்கியிருந்தார். வாசிக்கிற பிள்ளைக்குச் சொல்வளம் கூடுகிறது, அதனால் வேகமும் புரிதலும் கூடுகின்றன, அதனால் இன்னும் வாசிக்கிறது. வாசிக்காத பிள்ளைக்கு எல்லாம் எதிர்த்திசையில்! சிறுவர் நூல்களில் வரும் அரிய சொற்கள், பட்டதாரிகள் தமக்குள் பேசும் பேச்சில் வருவதைவிட அதிகம் என்பது இன்னோர் ஆச்சரியம்.

தமிழ் வாசிப்பு ஆங்கில வாசிப்புக்கும் உதவும்! தெரியுமா?

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் இந்த நகரப் பாடசாலைகளில் படித்த குடியேறிய பிள்ளைகளின் தரவுகளை 1981இல் ஆராய்ந்தார். விளையாட்டு முற்றத்து ஆங்கிலம் இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டு வேண்டும்! ஒரு மொழியில் வாசித்துப் பெற்ற கருத்தறிவும் திறனும் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவர் வலியுறுத்தியது. தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோரே, அந்தப் பயத்தை இன்றே விட்டுவிடுங்கள்!

ஏட்டுச்சுவடியில் புள்ளியே இல்லை! தெரியுமா?

எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது! அந்தச் சுவடிகளைத்தான் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடி வாசித்துப் பதிப்பித்தார். எப்படி முடிந்தது? மொழியும் இலக்கணமும் யாப்பும் அவருக்குள் ஊறியிருந்தன. எந்த வேகப் பயிற்சியும் அந்தக் கண்ணைத் தந்திருக்க முடியாது.

இவ்வளவும் சொல்வது ஒன்றைத்தான். வேகத்தைத் துரத்த வேண்டாம், நிறைய வாசிப்பவரிடம் வேகம் தானாக வந்து சேரும்! தினமும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். தொடங்குமுன் தலைப்புகளையும் முன்னுரையையும் ஒரு பார்வை பாருங்கள். தெரிந்த இடத்தில் விரையுங்கள், புதிய இடத்தில் நிதானியுங்கள். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் காட்டுங்கள். யாழ்ப்பாணத்து ஊர் வாசிகசாலைகளில் வளர்ந்த தலைமுறை நாம். இந்தச் சனிக்கிழமையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து நூலகக் கிளைக்குப் போங்கள். ஆளுக்கொரு நூலக அட்டை எடுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு புத்தகமாவது எடுத்து வாருங்கள்!