அரைச் சத வரி: வாக்களிக்குமுன் கேள்வியை வாசிப்போம்

வாக்குச் சீட்டில் அச்சிடப்படும் ஒரு கேள்வி எத்துணை வலிமை வாய்ந்தது என்பதை எமது மக்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இலங்கையில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பை எமது மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிப்பதா என்பதே அன்று கேட்கப்பட்டது. ஆம் என்போருக்கு விளக்கு. இல்லை என்போருக்குக் குடம். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்த பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்கே வாக்களித்தனர். ஆயினும் நாடு முழுவதிலும் 54 வீதத்துக்குச் சற்று அதிகமானோர் விளக்கைத் தெரிவு செய்தனர். அதன் விளைவாக 1989 வரை பொதுத் தேர்தலே நடைபெறவில்லை. கேள்வியைத் தொடுப்பவரின் கையிலேயே விடையின் பாதி இருக்கின்றது என்பது அன்று நாம் பெற்ற பாடம்.

இன்று நாம் வாழும் அமெரிக்காவில் இத்தகைய கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. சனாதிபதி, ஆளுநர் ஆகியோரின் பெயர்களுக்கு மிகவும் கீழே, சீட்டின் கடைசிப் பகுதியில் அவை இடம்பெறும். வீதிகள், பேருந்துகள், வைத்தியசாலைகள், சிறுவர் நலன் ஆகியவற்றுக்காக உள்ளூர் விற்பனை வரியை அரைச் சதத்தால் உயர்த்தலாமா என்பது அவற்றுள் ஒன்று. எம்மவரிற் பலர் அப்பகுதியை நிரப்பாமலே சீட்டை மடித்துவிடுகின்றனர். அந்த வரியை நாள்தோறும் கட்டுபவர்கள் நாமே என்பதால், இதுபற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டியுள்ளது.

கட்டுபவர் யார், வாக்களிப்பவர் யார்?

அகதி அந்தஸ்துப் பெற்ற ஒருவர் ஓராண்டு கழிந்த பின்னரே நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக மேலும் ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். வழக்கு முடியாமலே பல ஆண்டுகள் கழித்தவர்களும் எம்மிடையே உளர். அந்த ஆண்டுகள் முழுவதிலும் அவர்களுக்கு வாக்கு இல்லை. வரி மட்டும் உண்டு. வருமான வரிக்கு ஒரு வரம்பு உண்டு. விற்பனை வரியோ கடைக்குச் செல்லும் எவரையும் விடுவதில்லை.

இவ்வரி ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே வீதம்தான். ஆனால், உழைப்பதை எல்லாம் மாதத்துக்குள் செலவிடும் குடும்பத்தின் வருமானத்தில் அது விழுங்கும் பங்கு பெரிது. சேமித்து வைக்க வசதியுள்ளவருக்கு அது சிறிது. இதனைச் சற்றுத் தணிப்பதற்காகக் கலிபோர்ணியாவில் அரிசி, பருப்பு, மரக்கறி போன்ற உணவுப் பொருட்களுக்கும் வைத்தியர் எழுதித் தரும் மருந்துகளுக்கும் இவ்வரி இல்லை. வீட்டு வாடகைக்கும் இல்லை. உடுபுடவை, தளபாடம், மோட்டார் வாகனம், கடையிற் சூடாக வாங்கும் உணவு ஆகியவற்றுக்கு உண்டு.

அரைச் சதம் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஒரு டொலருக்கு அரைச் சதம் என்றால் நூறு டொலருக்கு ஐம்பது சதம். வரிக்குட்பட்ட பொருட்களுக்கு மாதம் ஆயிரம் டொலர் செலவிடும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு அறுபது டொலர். இருபதாயிரம் டொலர் பெறுமதியான வாகனம் ஒன்றை வாங்கினால் அந்த ஒரு நாளிலேயே நூறு டொலர். இது எவரையும் அழித்துவிடும் தொகையன்று; அதேவேளை, கேட்காமலே கொடுத்துவிடக்கூடிய தொகையுமன்று.

சாண்டா கிளாரா கவுண்டி கற்பிக்கும் பாடம்

கேள்வியின் வாசகம் எவ்வாறு விதியையே மாற்றுகின்றது என்பதற்கு, சான் ஹொசே நகரைத் தன்னகத்தே கொண்ட சாண்டா கிளாரா கவுண்டியை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1984இல் அங்குள்ள வாக்காளர்கள் 85, 101, 237 ஆகிய நெடுஞ்சாலைகளின் வேலைகளுக்காக அரைச் சத வரியொன்றை ஏற்றனர். அது முடிவடையுமுன் 1992 நவம்பரில் மீண்டும் ஓர் அரைச் சத வரி கேட்கப்பட்டது. 54 வீதமானோர் ஆம் என்றனர். ஆனால், 1995இல் கலிபோர்ணிய மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரியைச் செல்லாததாக்கியது. குறித்த ஒரு நோக்கத்துக்கென விதிக்கப்படும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவை என்று 1986இல் மக்களே நிறைவேற்றிய 62ஆம் இலக்கச் சட்டம் கூறுவதே காரணம்.

கவுண்டி சோர்ந்துவிடவில்லை. 1996 நவம்பரில் ஒரே சீட்டில் இரு கேள்விகள் வைக்கப்பட்டன. முதலாவது 'ஏ'. கவுண்டிக்குப் புதிய வரிப்பணம் கிடைத்தால் அதனை இன்ன இன்ன வீதிகளுக்கும் இலகு ரயில் பாதைகளுக்கும் செலவிடலாமா என்று அது கேட்டது. அது வெறும் ஆலோசனைக் கேள்வி, எவரையும் கட்டுப்படுத்தாது. இரண்டாவது 'பீ'. கவுண்டியின் பொதுத் தேவைகளுக்காக ஒன்பது ஆண்டுகளுக்கு அரைச் சத வரி விதிக்கலாமா என்று மட்டுமே அது கேட்டது. 'ஏ'க்கு ஏறத்தாழ 78 வீதம். 'பீ'க்கு ஏறத்தாழ 52 வீதம். பொது வரிக்குச் சாதாரண பெரும்பான்மையே போதும். எனவே வரி நிறைவேறியது. வழக்குத் தொடரப்பட்டபோது, 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஏற்பாடு சட்டத்துக்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தது.

இதனைத் தந்திரம் என்று சிலரும் மதிநுட்பம் என்று சிலரும் கூறினர். நாம் கவனிக்கவேண்டியது ஒன்றே. 'இந்த வேலைக்கே இந்தப் பணம்' என்று சட்டம் கட்டிப்போடும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கட்டிப்போடாத வரிக்குப் பாதிக்குமேல் ஒரு வாக்குக் கிடைத்தாற் போதும். ஆகவே, உறுதிமொழி எவ்வளவுக்கு இறுக்கமாக இருக்கின்றதோ அவ்வளவுக்கு வெற்றி கடினமாகின்றது. 1996இல் உறுதியளித்த வேலைகளிற் பெரும்பாலானவை பின்னர் நிறைவேறின என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். ஆனால், அதற்கு அதிகாரிகளின் வாக்குச் சுத்தமே துணையாக இருந்தது. சட்டம் அவர்களைக் கட்டியிருக்கவில்லை.

இறுக்கமான வழியில் வென்ற வரிகளும் உள. 2000ஆம் ஆண்டில் பார்ட் ரயிலை சான் ஹொசேக்குக் கொண்டுவருவது முதலிய வேலைகளுக்காக முப்பது ஆண்டுகளுக்கான அரைச் சத வரி 70 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் ஏற்கப்பட்டது. பெரிசா நிலையத்தை அந்த ரயில் 2020 ஜூனிலேயே வந்தடைந்தது. சான் ஹொசே நகர மையத்தை அது இன்னும் எட்டவில்லை. 2008இல் அதே ரயிலை இயக்கும் செலவுக்கென ஒரு சதத்தில் எட்டில் ஒரு பங்கு கேட்கப்பட்டது. தேவைப்பட்டது 66.67 வீதம், கிடைத்தது 66.78 வீதம். தேர்தல் இரவில் தோற்றதாகத் தோன்றிய அந்தக் கேள்வி, வாக்குகள் முழுவதும் எண்ணப்பட்ட பின்னரே வென்றது. 'என் ஒருவருடைய வாக்கால் என்ன ஆகப்போகிறது' என்று கேட்பவர்களுக்கு இது பதிலாகட்டும்.

2025 நவம்பரில் அதே கவுண்டி மீண்டும் பொது வரி என்னும் வழியையே நாடியது. மத்திய அரசு ஏழைகளின் மருத்துவக் காப்புறுதி நிதியைக் குறைத்ததால் கவுண்டி வைத்தியசாலைகளுக்கு ஏற்படும் இழப்பைக் காரணம் காட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு சதத்தில் எட்டில் ஐந்து பங்கு கேட்கப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர். வைத்தியசாலை என்ற சொல் பலரின் மனதில் நின்றது. ஆனால், பணம் சேருவது பொது நிதியிலேயே.

எழுபத்தைந்து சொற்கள்

கலிபோர்ணியாவில் உள்ளூர்க் கேள்வியொன்று 75 சொற்களுக்கு மேற்படக் கூடாது. வரியின் வீதம், ஆண்டுதோறும் திரட்டப்படும் தொகை, வரி நீடிக்கும் காலம் ஆகிய மூன்றும் அதனுள் இருக்கவேண்டும். வாசகம் உண்மையாகவும் பக்கம் சாராமலும் இருக்கவேண்டும் என்றும் சட்டம் கூறுகின்றது. இவ்விதிகளை 2017இல் நிறைவேறிய சட்டம் எல்லா உள்ளூர் வரிக் கேள்விகளுக்கும் விரிவாக்கியது.

எனினும், எஞ்சிய சொற்களிலேதான் திறமை காட்டப்படுகின்றது. வாக்கியம் பெரும்பாலும் வரியில் தொடங்குவதில்லை. குழி விழுந்த வீதி, அவசர சிகிச்சை, தீயணைப்பு, சிறுவர் பாதுகாப்பு என்று மனதைத் தொடும் நன்மைகளில் தொடங்கும். வரி நடுவில் வரும். மேற்பார்வைக் குழு, ஆண்டுக் கணக்காய்வு, பணம் உள்ளூரிலேயே நிற்கும் என்ற ஆறுதல்கள் இறுதியில் வரும். ஆகவே வாசிக்கும்போது பின்வரும் நான்கு வினாக்களை எழுப்புங்கள்.

ஒன்று: பணம் ஒரு நோக்கத்துக்கெனக் கட்டப்பட்டுள்ளதா, பொது நிதிக்குச் செல்கின்றதா? 'முதலியன', 'போன்ற சேவைகள்' என்ற சொற்களைக் கண்டால் பொது நிதி என்று ஐயுறலாம்.

இரண்டு: எத்தனை ஆண்டுகள்? 'வாக்காளர் முடிவுறுத்தும் வரை' என்ற சொற்றொடர் எமக்கு அதிகாரம் தருவதுபோல ஒலிக்கும். உண்மையில் அதற்கு முடிவுத் திகதி இல்லை என்பதே பொருள்.

மூன்று: உயர்வா, தொடர்ச்சியா? பழைய வரியைப் புதுப்பிக்கும் கேள்வி 'வீதத்தை உயர்த்தாமல்' என்று கூறலாம். நிராகரித்தால் வீதம் குறையும் என்பதை அது கூறாது.

நான்கு: கண்காணிப்பவர் யார்? குழுவுக்குச் செலவை நிறுத்தும் அதிகாரம் உண்டா, அறிக்கை எழுதும் அதிகாரம் மட்டுமா?

பாடசாலைகளின் நிலை

எமது பிள்ளைகள் கற்கும் அரச பாடசாலைகளுக்கும் இவ்விடயத்துக்கும் உள்ள தொடர்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றது. ஜோர்ஜியா மாநிலத்தில் 1997 முதல் பாடசாலைக் கட்டடங்களுக்கென ஒரு வீத உள்ளூர் விற்பனை வரியை ஐந்தாண்டுத் தவணைகளில் மக்கள் அங்கீகரித்து வருகின்றனர். கலிபோர்ணியாவின் பாடசாலை மாவட்டங்களோ காணி வரியையும் கடன் பத்திரத்தையும் நம்பியுள்ளன. 2000ஆம் ஆண்டு முதல் பாடசாலைக் கடன் பத்திரங்களுக்கு 55 வீத வாக்குப் போதுமானது. 2012இல் கல்வி நிதிச் சரிவைத் தடுக்க மாநிலம் முழுவதற்கும் கால் சத விற்பனை வரியொன்று நான்கு ஆண்டுகளுக்கு ஏற்கப்பட்டது. அது 2016 முடிவில் உண்மையாகவே முடிவுற்று, மாநில வீதம் 7.5இலிருந்து 7.25ஆகக் குறைந்தது. தற்காலிக வரி என்பதெல்லாம் நிரந்தரமாகிவிடும் என்று கூறுவோர் இதனையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

அலமேடா கவுண்டியில் 2020 மார்ச்சில் சிறுவர் பராமரிப்புக்கும் மருத்துவத்துக்கும் இருபது ஆண்டுகளுக்கு அரைச் சத வரி கேட்கப்பட்டது. 64 வீதம் கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு இல்லை. ஆனால், அது பொதுமக்கள் கையொப்பமிட்டுக் கொணர்ந்த கேள்வி. அத்தகையவற்றுக்குச் சாதாரண பெரும்பான்மை போதும் என்று நீதிமன்றங்கள் ஏற்றன. வழக்கு முடியும்வரை பணம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. கேள்வியின் வாசகம் மட்டுமன்றி, அதனைக் கொணர்ந்தவர் யார் என்பதும் முக்கியமென இது காட்டுகின்றது.

ரெக்சாஸில் மாநில விற்பனை வரி 6.25 வீதம், உள்ளூர் அமைப்புகள் சேர்க்கக்கூடியது இரண்டு வீதம் மட்டுமே. அங்கு பாடசாலைகள் பெருமளவுக்குக் காணி வரியைக் கொண்டே நடைபெறுகின்றன. 2019 முதல் பாடசாலைக் கடன் பத்திரக் கேள்வி ஒவ்வொன்றிலும் 'இது காணி வரி உயர்வு' என்ற வாசகம் அச்சிடப்படவேண்டும். கலிபோர்ணியாவில் நன்மை முன்னே நிற்க, ரெக்சாஸில் அச்சம் முன்னே நிற்கின்றது. இரண்டுமே வாக்காளரின் கையைப் பிடித்து இழுக்கும் சொற்கள்தாம். நியூ ஜேர்சியில் ஊருக்கு ஊர் கூடும் பொது விற்பனை வரி இல்லை. மாநில வீதம் 6.625, உடுபுடவைக்கு விலக்கு உண்டு. அங்கு கேள்வியின் கீழ் அதன் பொருளை எளிய மொழியில் விளக்கும் குறிப்பையும் அச்சிடும் வழக்கம் உண்டு. அதனைத் தவறாது வாசியுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

பிரஜாவுரிமை பெற்றோர் சீட்டின் கடைசிக் கேள்விவரை வாக்களியுங்கள். கேள்வியுடன் வரும் கைந்நூலில் கவுண்டிச் சட்டத்தரணியின் பக்கம் சாரா விளக்கமும், ஆதரவு எதிர்ப்பு வாதங்களும் இருக்கும். சீட்டின் 75 சொற்களுக்கு முன்னர் அந்த விளக்கத்தை வாசியுங்கள். கலிபோர்ணியாவில் தமிழ் பேசுவோர் செறிந்துள்ள சில வாக்குச் சாவடிகளில் தமிழ் மாதிரிச் சீட்டை வைக்கவும் சட்டம் வகை செய்கின்றது. உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் அதனைக் கேளுங்கள். கேட்பார் இல்லாத உரிமை நாளடைவில் இல்லாமற் போகும்.

பிரஜாவுரிமை பெறாதோர் எக்காரணம் கொண்டும் வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள். அது குற்றமாகும், நாடு கடத்தப்படும் ஆபத்தும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் பிரஜைகளல்லாத பெற்றோர் பாடசாலைச் சபைத் தேர்தலில் வாக்களிக்க 2016இல் வழி செய்யப்பட்டது. அது அந்தத் தேர்தலுக்கு மட்டுமே உரியது. அதற்கும் சட்ட ஆலோசனை பெற்ற பின்னரே செல்லுங்கள்.

ஆயினும் வாக்கில்லாதோர் வாயில்லாதோர் அல்லர். கலிபோர்ணியாவில் நகர சபையும் கவுண்டிச் சபையும் கூடும்போது பொதுமக்கள் எவரும் எழுந்து பேசலாம். பிரஜாவுரிமை அங்கு கேட்கப்படுவதில்லை. வரிக் கேள்வியின் வாசகம் தீர்மானிக்கப்படுவது அத்தகைய கூட்டங்களிலேயே. தேர்தல் நாளில் விளக்கா குடமா என்று மட்டுமே கேட்பார்கள். எங்கள் பிள்ளைகளின் பேருந்துப் பாதையும் நோயாளரின் சிகிச்சையும் கேள்வியில் இடம்பெற வேண்டுமாயின், அதற்குப் பல மாதங்கள் முன்னரே நாம் அங்கே அமர்ந்திருக்கவேண்டும்.

ஆம் என்பதா, இல்லை என்பதா என்று நாம் இங்கு கூறப்போவதில்லை. கார் வைத்திருக்க வசதியற்ற எமது குடும்பங்களுக்குப் பேருந்து வேண்டும். காப்புறுதியற்ற எமது முதியோருக்குக் கவுண்டி வைத்தியசாலை வேண்டும். அவற்றுக்கான பணமும் எங்கள் சட்டைப்பையிலிருந்தே வருகின்றது. இந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டினரும் தாமே பார்க்கட்டும். வாக்குள்ள மகனோ மகளோ சீட்டை நிரப்புமுன், வாக்கில்லாத தாய் தந்தையருக்கு அந்தக் கேள்வியைத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். வரி கட்டுவோர் அனைவரும் கேட்டறிந்த பின்னர் இடப்படும் ஒரு வாக்கு, அந்த வீட்டார் எல்லோருடைய வாக்காகவும் அமையும்.