வறண்ட ஆற்றில் எவ்வளவு கழிவு கலக்கலாம்?

இந்தியாவில் ஒரு தொழிற்சாலை தன் கழிவுநீரை ஆற்றிலோ ஓடையிலோ விட வேண்டுமானால், 1974ஆம் ஆண்டு நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை பெற்றாக வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் விடலாம், அந்த நீரில் எந்தப் பொருள் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பவை அந்த ஆணையில் எழுதப்பட்டிருக்கும். இவற்றுள் தரத்தைக் குறிக்கும் எண்கள் பெரும்பாலும் ‘லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்ற வடிவில் உள்ளவை. கழிவிலுள்ள அழுகும் பொருள்களைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பர். நிலப்பரப்பு நீர்நிலைகளில் விடப்படும் கழிவில் இது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான பொது விதி. நீரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவற்றின் மொத்த அளவு, அதாவது சாயப்பட்டறைகளில் ‘டி.டி.எஸ்.’ என்று வழங்கப்படுவது, 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது தமிழ்நாட்டில் பின்பற்றப்படும் வரம்பு.

இந்த எண்கள் யாவும் குழாயின் வாயில் அளக்கப்படுபவை. அந்தக் குழாய் எந்த ஆற்றில் திறக்கிறது, அந்த ஆற்றில் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, அதே ஆற்றில் இன்னும் எத்தனை குழாய்கள் திறக்கின்றன என்ற கேள்விகளுக்கு அவற்றில் இடமில்லை. ஓர் ஆறு பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பவையோ இந்தக் கேள்விகளே.

கழிவுக்கு வரம்பு வகுத்த முன்னோடிகள் இதை அறியாதவர்கள் அல்லர். பிரிட்டனில் 1898இல் அமைக்கப்பட்ட கழிவுநீர் அகற்றல் அரச ஆணையம், 1912இல் வெளியிட்ட தன் எட்டாவது அறிக்கையில், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரின் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள்ளும், மிதக்கும் திடப்பொருள்கள் 30 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆறு கெடாமலிருக்க அதன் ஆக்சிஜன் தேவை 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று முதலில் வைத்துக்கொண்டு, 2 மில்லிகிராம் அளவிலுள்ள தூய ஆற்றுநீர் 8 பங்கும் கழிவுநீர் 1 பங்கும் கலந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டபோது கிடைத்த விடைதான் அந்த 20: எட்டுப் பங்கு ஆற்றுநீர் 16, கழிவு 20, ஆகக் கூட்டுத்தொகை 36, அதை ஒன்பது பங்கால் வகுத்தால் 4. ஆற்றில் அந்த எட்டுப் பங்கு நீர் இல்லாவிட்டால் வரம்பு இன்னும் கடுமையாக வேண்டும் என்பதும் அந்த ஆணையத்தின் கருத்தே. பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது அந்த எண் மட்டுமே. அதைத் தாங்கி நின்ற நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துபோயிற்று.

அந்த நிபந்தனை இல்லாத எண் என்ன செய்யும் என்பதற்கு நொய்யலைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் இந்த ஆறு மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவது. வழியிலுள்ள அணைக்கட்டுகளும் குளங்களும் நீரைப் பிரித்துக்கொள்வதால், ஆண்டின் பல மாதங்களில் திருப்பூருக்குக் கீழே இயற்கையான ஓட்டம் ஏறக்குறைய இருப்பதே இல்லை. பின்னலாடைத் தொழில் பெருகி நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் எழுந்தபின், அம்மாதங்களில் ஆற்றில் ஓடியது பட்டறைகளின் நீரும் ஊர்ச் சாக்கடையுமே.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. சாயத்தை நூலில் ஏற்றிவிட்டு அந்த உப்பு துணியில் தங்காமல் முழுவதும் நீரோடு வெளியேறுகிறது. தொடக்கத்தில் நிறுவப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து நிறத்தையும் கசடையும் ஓரளவு நீக்கினவேயன்றி, கரைந்த உப்பை அவற்றால் தொடவே முடியவில்லை. அழுகும் பொருளை ஆறு காலப்போக்கில் தானே சிதைத்துக்கொள்ளும்; உப்பைச் சிதைக்க எந்த ஆற்றாலும் இயலாது, அதை நீர்த்துப்போகச் செய்யவோ கீழே அனுப்பவோ மட்டுமே முடியும். 2,100 என்ற வரம்பை எல்லாப் பட்டறைகளும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால்கூட, ஒவ்வொரு 1 கோடி லிட்டர் கழிவுநீரும் 21 டன் கரைபொருளை ஆற்றில் சேர்த்திருக்கும். உண்மையில் வெளியேறியதோ அந்த வரம்பைப் பல மடங்கு மிஞ்சிய நீர்.

பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணை திறந்தால் நிலம் பாழாகும் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே தண்ணீர் வேண்டாமென்று மறுக்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின, மண் இறுகியது. ஓர் ஆயக்கட்டுக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில், சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத பூஜ்ஜிய வெளியேற்ற முறைக்கு மாற வேண்டும் என்றும், அதுவரை விடும் நீருக்கு லிட்டருக்கு 6 காசு எனத் தொடங்கி உயர்ந்து செல்லும் தண்டம் கட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் 2009இல் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்த பின்னும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. லிட்டர் கணக்கில் விதிக்கப்படும் தண்டத்துக்கு ஒரு குறை உண்டு: முழுச் சுத்திகரிப்பின் செலவைவிடத் தண்டம் மலிவாக இருக்கும்வரை, பணத்தைக் கட்டிவிட்டுக் கழிவை விடுவதே பட்டறைக்கு ஆதாயம். தண்டத்தால் நிற்காதது மூடலால்தான் நின்றது.

பூஜ்ஜியம் என்ற கட்டளையை நடைமுறைக்கு ஒவ்வாத தீவிரம் என்று தொழில்துறையினர் பலர் குறை கூறினர். அது சரியா என்று பார்க்க, அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம் வகுத்த கணக்குமுறை உதவும். குழாய்வாய் வரம்புகளை மட்டும் கொண்டு தூய்மையடையாத நீர்நிலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஒரு நாளில் அதிகபட்சமாகத் தாங்கக்கூடிய மாசின் மொத்தச் சுமையைக் கணித்து, பாதுகாப்புக்கென ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை ஆலைகள், ஊர்கள், வயல்வெளி வடிகால் ஆகியவற்றுக்குப் பங்கிட வேண்டும் என்பது அச்சட்டம் மாநிலங்களுக்கு இடும் கடமை. நெடுங்காலம் உறங்கிக்கிடந்த இந்தப் பிரிவும் குடிமக்கள் தொடுத்த வழக்குகளால்தான் விழித்தது. இவ்வகைக் கணக்கில் ஆற்றின் சராசரி ஓட்டத்தை எடுத்துக்கொள்வதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை நேரக்கூடிய, தொடர்ந்து ஏழு நாள் நீடிக்கும் மிகக் குறைந்த ஓட்டமே பல மாநிலங்களில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் அந்த ஓட்டம் சுழியம். நீர்த்துப்போகச் செய்ய நீரே இல்லாத ஆற்றில், விடப்படும் கழிவே ஆறாகிவிடுவதால், பாசனத்துக்கு ஏற்ற நீரை மட்டுமே அதில் விடலாம் என்பதுதான் கணக்கு தரும் விடை. உப்பை அந்த அளவுக்குப் பிரித்தெடுத்த நீரை ஆற்றில் விடுவதைவிடப் பட்டறையிலேயே மீண்டும் பயன்படுத்துவது சிக்கனம். நீதிமன்றம் சொன்ன பூஜ்ஜியமும் ஆற்றின் கணக்கு சொல்லும் விடையும் ஏறக்குறைய ஒன்றே.

அந்த விடைக்கும் விலை உண்டு. ஆர்.ஓ. எனப்படும் எதிர் சவ்வூடு பரவல் முறை கழிவின் பெரும்பகுதியை நல்ல நீராக மீட்கிறது. மிஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்கிகளில் வற்றவைக்க எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. இறுதியில் கிடைக்கும் உப்பில் தூயது மீண்டும் சாயத்துக்குப் போக, பயன்படாத கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகத் தேங்குகின்றன. திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இவ்வளவு சுமையையும் ஏற்று இயங்குவது போற்றத்தக்கது. மழை நாளில் ஓடையில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறை, ஆற்றை மட்டுமன்றி, விதியை மதித்துச் செலவு செய்யும் பக்கத்துப் பட்டறையையும் வஞ்சிக்கிறது.

எனினும் நொய்யலின் கணக்கு சாயத்தோடு முடியவில்லை. கோவையும் திருப்பூரும் அவற்றை ஒட்டிய ஊர்களும் விடும் வீட்டுச் சாக்கடை ஆற்றையும் அதன் குளங்களையும் இன்றும் வந்தடைகிறது. பட்டறையை மூடலாம், ஒரு மாநகராட்சியை மூட முடியாது. சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2017இல் மத்திய அரசு பெருநகரங்களில் 20, பிற இடங்களில் 30 என ஆக்சிஜன் தேவையின் வரம்பை வகுக்க, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அதை 10 ஆக இறுக்கச் சொன்னது. வற்றாத ஆற்றங்கரை நகரமும் வறண்ட நொய்யல் கரை நகரமும் இந்தச் சர்ச்சையில் ஒரே எண்ணின் கீழ்தான் வைக்கப்பட்டன. நொய்யல் கரையில் இனி வழங்கப்படும் ஒவ்வோர் இசைவாணையிலும், லிட்டருக்கான மில்லிகிராமோடு, அந்த நிலையம் நாளொன்றுக்கு ஆற்றில் சேர்க்கக்கூடிய மாசின் மொத்த எடையும், கோடையில் அந்த இடத்தில் ஓடும் நீரின் அளவும் எழுதப்பட வேண்டும்.