சிசேரியனுக்குப் பின் தூண்டப்படும் பிரசவம்

முதற் பிள்ளையைச் சிசேரியன் மூலம் பெற்ற தாய் அடுத்த பிள்ளையையும் அவ்வாறே பெற்றாக வேண்டும் என்ற நியதி இல்லை. தானாக வலி கண்டு சாதாரணமாகப் பிரசவிப்போர் பலர். ஆனால், நாள் கடந்தும் வலி வராதபோது மருந்தேற்றி அதனைத் தூண்டுவது வேறு விடயம். பழைய தழும்பில் கருப்பை கிழியும் அபாயம் அப்போது அதிகரிக்கின்றது. அவ்வாறு கிழிந்தால் தாய், சேய் இருவரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முதற் பிரசவம் சிசேரியனாக அமைந்த 20,095 தாய்மாரின் இரண்டாவது பிரசவங்களை ஆராய்ந்த அறிக்கையொன்று 2001 இல் வெளியானது. தானாக வலி கண்டோரில் ஆயிரத்துக்கு 5.2 பேருக்குக் கருப்பை கிழிந்திருந்தது. புரொஸ்ரகிளான்டின் தவிர்ந்த வழிகளில் தூண்டப்பட்டோரில் இது 7.7, அம்மருந்தால் தூண்டப்பட்டோரிலோ 24.5. கருப்பைக் கழுத்தை இளக்கும் அம்மருந்து தழும்பையும் இளக்கிவிடுகின்றது என்பது நிபுணர்கள் கூறும் விளக்கம்.

மீண்டும் சத்திரசிகிச்சை செய்வதும் அபாயமற்றதன்று. தழும்புகள் கூடக்கூட, பின்வரும் கர்ப்பங்களில் சூல்வித்தகம் கருப்பைச் சுவரில் ஆழப் பதிந்துவிடும் வாய்ப்பும் கூடுகின்றது.

எனவே முடிவு தாய்க்குத் தாய் வேறுபடும். முன்னர் கருப்பையில் இடப்பட்ட வெட்டு கிடையானதா, நிலைக்குத்தானதா என்பதே வைத்தியர் முதலில் அறியவேண்டியது. நிலைக்குத்து வெட்டே கூடுதல் ஆபத்தானது. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு இதனைக் காட்டாது. பலரும் தொலைத்துவிடும் பழைய வைத்தியசாலைக் குறிப்பில்தான் அது இருக்கும்.