இரு களம் கண்ட வீரர்

கோடைக்காலத்தில் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் நீர் வற்றியதும், அவை சிறுவர்களுக்கு ஆடுகளங்களாகிவிடுகின்றன. காலையில் கிரிக்கெட் மட்டை பிடித்த பையன் மாலையில் சடுகுடு ஆடுகிறான். மறுநாள் பந்தை உதைக்கிறான். இளமையில் இஃது இயல்பே. ஆனால், நாட்டின் சார்பிலேயே இரண்டு ஆட்டங்களில் ஒருவர் களமிறங்கக் கூடுமா? கூடும் என்று காட்டியவர் நம் தமிழகத்தவரே. அவர்தாம் எம். ஜே. கோபாலன்.

1909 ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் அவர் பிறந்தார். வேகப்பந்து வீச்சில் தேர்ந்து, 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் பந்தயத்தில் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4 ஆம் நாள் ரஞ்சிக் கோப்பைப் போட்டி சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த அப்பந்தயத்தின் முதற்பந்தை வீசியவர் கோபாலனே. பந்தயம் ஒரே நாளில் சென்னைக்கு வெற்றியாக முடிந்தது. மறு ஆண்டு, 1935 இல், தியான் சந்த் இடம்பெற்ற இந்திய ஹாக்கிக் குழுவில் அவரும் சேர்ந்து நியூசிலாந்து சென்றார்.

இரு வேறு ஆட்டங்களில் ஒருவர் சிறப்பது எங்ஙனம்? ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையோடு உருண்டு வருகிறது; கிரிக்கெட்டில் தரையில் பட்டு எழும்பி வருகிறது. எனினும், பந்தின் போக்கைக் கண் முன்னரே கணிப்பதும், கால் உரிய இடத்துக்கு நகர்வதும், மணிக்கட்டு வேலையை முடிப்பதும் இரண்டிற்கும் பொதுவே. ஓட்டத்தால் பெற்ற மூச்சுவலிமையும் எக்களத்திலும் உதவும். உடல் இரண்டையும் தாங்கும், நாள்காட்டிதான் தாங்காது.

1936 இல் அந்த இடர் நேர்ந்தது. கிரிக்கெட் குழு இங்கிலாந்துக்கும், ஹாக்கிக் குழு பெர்லின் ஒலிம்பிக்குக்கும் ஒரே பருவத்தில் புறப்பட வேண்டியிருந்தது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலேனும் ஆட அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. ஆகஸ்ட் 15 அன்று இந்திய ஹாக்கிக் குழுவோ ஜெர்மனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது.

அமெரிக்காவின் ஜிம் தோர்ப்பும் இத்தகையவரே. பழங்குடியினரான அவர் பேஸ்பாலும், பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தும் ஊதியம் பெற்று ஆடியவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்திறப் போட்டியிலும் பத்திறப் போட்டியிலும் தங்கம் வென்றார். அதற்கு முன்னரே பேஸ்பால் ஆடிச் சிறிது பணம் பெற்றிருந்தார் என்பதற்காக 1913 இல் அப்பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 1953 இல் அவர் மறைந்தார். பதக்கங்கள் 1983 இல்தான் அவர் குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டன. அவரே தனி வெற்றியாளர் என 2022 இல் ஏற்கப்பட்டது.

தோர்ப்பிடமிருந்து பிறர் பறித்தனர். கோபாலனோ தாமே தேர்ந்து இழந்தார். ஆயினும் அவர் பெயர் மங்கவில்லை. 1953 முதல் சென்னையும் இலங்கையும் மோதிய பந்தயத்துக்கு அவர் பெயராலேயே கோப்பை அமைந்தது. 2003 இல், 94 ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மாணவர்களே, இளமையில் பல ஆட்டங்களையும் ஆடிப் பழகுங்கள். ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டிய நாள் வரும். அன்று எங்கே பதக்கம் கிட்டும் என்பதை எவராலும் அறிய இயலாது; எந்த உழைப்பில் உள்ளம் தோய்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதைக் கொண்டே தேருங்கள்.