டிரிம் சக்கரம் நிற்காமல் சுழன்றால்...

விமானத்தின் வாலில் படுக்கைவாட்டில் இருக்கும் இறக்கையைச் சற்றே சாய்த்து, மூக்கு மேலோ கீழோ இழுக்காமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர் டிரிம். போயிங் 737 காக்பிட்டில் இதற்கென ஆளுக்கொரு சக்கரம், பைலட்டுகளின் முழங்காலோரம் இருக்கும். மோட்டார் டிரிமை மாற்றும்போதெல்லாம் அதுவும் கடகடவென்று சுற்றும். பழகிய சத்தம்தான். விடாமல் சுற்றினால்தான் ஆபத்து.

2018 அக்டோபர் 28. பாலியிலிருந்து ஜகார்த்தா புறப்பட்ட லயன் ஏர் 737 மேக்ஸ் விமானத்தில் அது நடந்தது. விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும், புதிதாக மாற்றிய ஒரு சென்சார் 21 டிகிரி தவறாகக் காட்டியது. அதை நம்பிய எம்.சி.ஏ.எஸ். என்ற மென்பொருள், மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. பைலட்டுகள் இரண்டு கட்-அவுட் சுவிட்சுகளை அணைத்து மோட்டாரை நிறுத்தினார்கள்; சக்கரத்தின் கைப்பிடியை விரித்துக் கையால் சுற்றியே ஜகார்த்தா போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் சுவிட்சை அணைத்த விவரத்தை லாக் புத்தகத்தில் எழுதவில்லை. மறுநாள் காலை, அது தெரியாத வேறு பைலட்டுகள் ஓட்டிய அதே விமானம் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தனர். எம்.சி.ஏ.எஸ். என்று ஒன்று இருப்பதையே போயிங் பைலட்டுகளுக்கான கையேட்டில் சொல்லியிருக்கவில்லை.

2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் ஒன்றிலும் எம்.சி.ஏ.எஸ். இதேபோல் மூக்கை அழுத்த, பைலட்டுகள் சுவிட்சை அணைத்தார்கள். அதற்குள் வேகம் எகிறியிருந்ததால், காற்றின் அழுத்தத்தில் சக்கரம் கைக்கு அசையவில்லை. மோட்டாருக்கு மீண்டும் மின்சாரம் கொடுத்ததும் எம்.சி.ஏ.எஸ். மறுபடி மூக்கை அழுத்தியது. 157 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆகவே இங்கே வரிசை முக்கியம். கட்டுப்பாட்டுத் தண்டை இறுகப் பிடிக்க வேண்டும். ஆட்டோபைலட்டையும் ஆட்டோ-த்ராட்டிலையும் விலக்கி வேகத்தை அடக்க வேண்டும். முடிந்தவரை மின் டிரிமால் மூக்கைச் சரிசெய்துவிட்டு, பிறகு சுவிட்சை அணைத்துக் கையால் சுற்ற வேண்டும். இந்த விபத்துகளுக்குப் பிறகு தடைசெய்யப்பட்டிருந்த மேக்ஸ் மீண்டும் பறக்க, 2020 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தபோது சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானது. மென்பொருளும் இப்போது இரண்டு சென்சார்களை ஒப்பிட்ட பிறகே இயங்குகிறது. இந்தியாவில் தடை நீங்கியது 2021 ஆகஸ்டில்.

விபத்துக்குப் பிறகு குடும்பங்கள் சந்திக்கும் ஆபத்து வேறு. இந்தோனேசிய விதிப்படி தர வேண்டிய 125 கோடி ரூபியா இழப்பீட்டோடு லயன் ஏர் குடும்பங்களிடம் விடுதலைப் பத்திரமும் நீட்டப்பட்டது. விமான நிறுவனம் மட்டுமல்ல, போயிங் மீதும் வழக்குப் போடமாட்டோம் என்பது அதன் சாரம். பலர் கையெழுத்திட்டார்கள். எத்தியோப்பிய விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனதில், 2021 நவம்பரில் போயிங் பொறுப்பை ஏற்றது.

சர்வதேசப் பயணத்துக்கு, விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வரையறுக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். இந்தியா அதில் 2009-ல் சேர்ந்தது. மரணத்துக்கோ காயத்துக்கோ 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, அதாவது ஒன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேல், விமான நிறுவனத்தின் தவறை நிரூபிக்காமலே கோரலாம். அதற்கு மேற்பட்ட தொகையை மறுக்க வேண்டுமானால், தன் மீது தவறில்லை என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும். உடனடிச் செலவுக்குத் தரும் முன்பணம் இறுதித் தொகையில் கழியும். அதை வாங்குவதால் மட்டும் வழக்குரிமை போய்விடாது. விமானத்தைத் தயாரித்தவர் மீதான வழக்கு இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே, தனி. எனவே எந்தப் பத்திரமானாலும் அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும். விமான நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கக் கெடு 2 ஆண்டு. விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அது கணக்காகும்.