உங்களுக்குத் தெரியுமா? அலையும் கார்பனும் நம் ஊரில்

அலைகள் ஒரு பாடம், கார்பன் சுழற்சி இன்னொரு பாடம். நடுநிலைப் பள்ளி அறிவியலில் இரண்டுக்கும் படம் வரைந்து, பாகம் குறித்து, பரீட்சை எழுதி முடித்துவிடுகிறோம். படத்தில் இருப்பது கடல், காடு, எங்கோ ஓர் ஆலையின் புகைபோக்கி. சேலம், நாமக்கல் சமவெளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பாடங்களும் தெருமுனையிலேயே கிடைக்கின்றன. தெரிந்த இடங்கள்தான், தெரியாத செய்திகள் சில இங்கே.

வெள்ளைக்கல்

• சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் ரயிலில் போனால் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு நிலையம் வரும். அந்தப் பகுதியில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், மெக்னீசியம் கார்பனேட். பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த டியூனைட் என்னும் கரும்பச்சைப் பாறையின் விரிசல்களில், கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் புகுந்து வினைபுரிந்ததால் உருவானது. சுரங்கத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் கரும்பாறைக்குள் வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும். சுத்தமான வெள்ளைக்கல் ஒரு டன்னில் ஏறத்தாழ 520 கிலோ கார்பன் டை ஆக்சைடு அடைபட்டிருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் வாயு!

• அந்தக் கல்லைச் சூளையில் வேகவைத்தால் 520 கிலோ வாயுவும் காற்றுக்குப் போய்விடும். மிஞ்சும் 480 கிலோ மெக்னீசியம் ஆக்சைடுதான் (மக்னீசியா) எஃகு உலைகளுக்குள் பதிக்கும் செங்கல்லுக்கு மூலப்பொருள். சூளையை எரிக்கும் எரிபொருளின் புகை இந்தக் கணக்கில் சேராது. மண்ணுக்குள் யுகக்கணக்கில் கிடந்த கார்பன், சூளைக்குள் போன கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. கார்பன் சுழற்சியின் மிக மெதுவான பாதையை மனிதர் எப்படி விரைவுபடுத்துகிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

• சூளை அலைப்பாடமும் நடத்தும். சூடேறும் பொருள் முதலில் மங்கலான சிவப்பாக ஒளிரும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெண்மை. வெப்பம் கூடக்கூட, வெளிவரும் ஒளியில் குறைந்த அலைநீளங்களின் பங்கு கூடுகிறது. அனுபவமுள்ள சூளைக்காரர் நிறத்தைப் பார்த்தே வெப்பத்தை மதிப்பிடுவது இதனால்தான்.

• காற்றில் கூடிப்போன கார்பன் டை ஆக்சைடை மறுபடி கல்லாக்க முடியுமா? ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் என்ற திட்டத்தில் 2012-இல் அதை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். செலுத்தியதில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கார்பனேட் கல்லாகிவிட்டது. சேலத்து மண்ணுக்கடியில் இயற்கை செய்து வைத்திருந்த வேலையும் இதே வகைதான்.

சுண்ணாம்பு

• சங்ககிரியில் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சுட்டால் 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறி 560 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். ஆனால் பொங்கலுக்கு அதே சுண்ணாம்பை நீற்றி வீட்டுச் சுவருக்கு அடித்தால், அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கால்சியம் கார்பனேட்டாகிவிடும். வெள்ளையடித்த சுவர் நாளாக ஆக இறுகுவது அதனால்தான். கல்லிலிருந்து காற்று, காற்றிலிருந்து கல் என்று ஒரு முழுச் சுற்று நம் வீட்டுச் சுவரிலேயே முடிகிறது.

முட்டை

• நாமக்கல் முட்டை ஒன்றின் ஓடு சுமார் 6 கிராம். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். கால்சியம் தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சலிலிருந்தும் சுண்ணாம்புத் துகளிலிருந்தும் வருகிறது. கார்பனேட்டோ கோழியின் சொந்த மூச்சிலிருந்து வருகிறது! மக்காச்சோளத்தைச் செரித்து உடல் எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதிதான் ஓடாக இறுகுகிறது. காற்று, சோளம், கோழி, ஓடு என்ற வரிசையில் கார்பன் வந்து சேர்கிறது. ஓடு உருவாக மட்டும் சுமார் 20 மணி நேரம் பிடிக்கும்.

• சித்திரை வெயிலில் ஓடு மெலிந்து போவதைப் பண்ணைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் உடம்பின் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிட, ஓடு செய்யப் பொருள் போதாமல் போகிறது. சூட்டில் தீவனமும் குறைவாகத்தான் இறங்கும். கோடையில் தீவனத்தோடு சமையல் சோடா கலப்பதற்கு இதுதான் காரணம். அது சோடியம் பைகார்பனேட். இழந்ததை ஈடுகட்ட உதவுகிறது.

• இன்று இட்ட முட்டையை அவித்தால் ஓடு சரியாக உரிவதில்லை. வெள்ளைக்கரு பிய்த்துக்கொண்டு வரும். ஒரு வாரம் ஆன முட்டை வழுக்கிக்கொண்டு உரிகிறது. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே அது நாளடைவில் வெளியேறும். வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும். உள் சவ்வோடு அதன் பிடி தளரும். சத்துணவு முட்டையை உரிக்கும் பிள்ளையின் கையிலேயே கார்பன் சுழற்சியின் ஒரு துளி நடக்கிறது.

ஜவ்வரிசியும் வேட்டியும்

• சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கான மாவு குச்சிக்கிழங்கிலிருந்து வருகிறது. கிழங்குக்கு அந்த மாவு எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஒரு கிலோ மாவுச்சத்தில் ஏறத்தாழ 440 கிராம் கார்பன். அவ்வளவும் காற்றிலிருந்து வந்தது. இலைகள் அதற்காக எடுத்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 1.6 கிலோ. காற்றில் அந்த வாயு 10 லட்சத்தில் 420 பங்குதான் இருப்பதால், ஒரு கிலோ மாவுக்குச் சுமார் 20 வகுப்பறைகள் நிறையும் அளவு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு முழுவதும் தேவை.

• ஜவ்வரிசியும் பருத்தி வேட்டியும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. கோக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. ஒன்று மாவுச்சத்து, மற்றது செல்லுலோஸ். முன்னதை நம் வயிறு செரிக்கும், பின்னதைச் செரிக்காது. தறியில் ஏற்றும் முன் பாவு நூலுக்குக் குச்சிக்கிழங்கு மாவுக் கஞ்சி போடும்போது இரண்டு உறவினர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

• கிழங்கு அரைத்த கழிவுநீர் காற்றுப் படாமல் புளித்தால் மீத்தேன் உண்டாகும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. கழிவுநீர்க் குட்டையை மூடி அந்த வாயுவைப் பிடித்து எரிபொருளாக்கும் ஜவ்வரிசி (சேகோ) ஆலைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. நாற்றம் குறைகிறது, விறகுச் செலவு மிச்சம், காற்றுக்கும் நல்லது.

• தறிப் பட்டறைக்குள் பேசுபவர்கள் ஒருவர் உதட்டை மற்றவர் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். டெசிபெல் அளவில் 10 கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்கு கூடுகிறது. தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்தான் நம் நாட்டில் உச்ச வரம்பு. உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் எடப்பாடியிலும் தறி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடம் போய்ச் சேர வேண்டும், காதடைப்பானோடு.

லாரி

• நெடுஞ்சாலை ஓரம் நின்று ஹாரன் அடித்தபடி கடக்கும் லாரியைக் கேளுங்கள். வரும்போது சுருதி கூடுதல், தாண்டியதும் சட்டென்று இறங்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியின் 400 ஹெர்ட்ஸ் ஹாரன், வரும்போது 424 ஆகவும் போகும்போது 378 ஆகவும் கேட்கும். ஆஸ்திரியரான டாப்ளர் 1842-இல் இதை எழுதினார். 1845-இல் நெதர்லாந்தில் ரயிலில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ஏற்றி ஓடவிட்டுச் சோதித்தார்கள். நாமக்கல் பிள்ளைக்கு ரயிலும் வேண்டாம், வாத்தியமும் வேண்டாம்.

• ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூட இல்லை. எரிந்தபின் வரும் கார்பன் டை ஆக்சைடு 2.6 கிலோவுக்கும் மேல். கூடுதல் எடை எங்கிருந்து வந்தது? எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களுடையது.

கரண்ட்டு

• டிரான்ஸ்பார்மர் பக்கம் போனால் ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று கேட்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் இரண்டு முறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகின்றன. ஆகவே அந்த ஒலியின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ்.

• மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். அங்கே எரியும் இந்திய நிலக்கரி பெரும்பாலும் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காடுகள். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆளில்லாத அறையில் சுற்றும் மின்விசிறியை நிறுத்துவது கார்பன் சுழற்சிப் பாடத்தின் வீட்டுப்பாடம்.

ஏரியும் கிணறும்

• சேலத்து மூக்கனேரியில் அலை கரையை நோக்கி வருகிறது. மிதக்கும் இலையோ இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. நகர்வது ஆற்றல்; தண்ணீர் பெரும்பாலும் தன் இடத்திலேயே ஆடுகிறது. அந்த ஆற்றல் கரையை அரிக்காமல் இருக்கத்தான் ஏரிக்கரைகளின் உட்சரிவில் கல் பதித்தார்கள். கார்பன் சுழற்சியில் நிலைமை நேர்மாறு: அங்கே பொருளே இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

• ஏரி வண்டலை வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவதும் பட்டி போட்டு ஆட்டுப் புழுக்கையை மண்ணில் சேர்ப்பதும் கார்பனை மண்ணுக்குத் திருப்பித் தரும் வேலை. உலகின் மண்ணில் இருக்கும் கார்பன், காற்றிலும் தாவரங்களிலும் இருப்பதைக் கூட்டினாலும் அதைவிட அதிகம்.

• எதிரொலி தனியாகக் கேட்க, குரல் போய்த் திரும்ப 0.1 நொடியாவது ஆக வேண்டும். அதற்குச் சுமார் 57 அடித் தூரம் தேவை. அந்த ஆழத்துக்குக் கீழே தண்ணீர் கிடக்கும் தோட்டத்துக் கிணறுகள் நம் பக்கம் நிறைய. கைப்பிடிச் சுவர் உள்ள கிணறாகப் பார்த்து, பெரியவர்கள் கூட இருக்கும்போது கூப்பிட்டுப் பாருங்கள்.

• கோடை மதியத்தில் 40 டிகிரி சேலத்தில் ஒலி நொடிக்கு 355 மீட்டர் ஓடுகிறது. அதே வேளையில் 28 டிகிரியில் இருக்கும் ஏற்காட்டில் 348 மீட்டர்தான். சூடான காற்றில் மூலக்கூறுகள் வேகமாக ஓடுவதால் ஒலியையும் வேகமாகக் கைமாற்றுகின்றன.

கொலுசு

• சேலத்து வெள்ளிக் கொலுசின் மணியோசையில் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வுகள் நிறைய இருக்கும். வயது கூடும்போது காது முதலில் இழப்பது இந்த உயர்ந்த ஒலிகளை. லாரி ஹாரனுக்குத் திரும்பிப் பார்க்கும் தாத்தாவுக்குப் பேத்தியின் கொலுசு கேட்காமல் போகலாம். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். காதைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள்.

இரண்டு பாடமும் சந்திக்கும் இடம்

• பகலில் சூடேறிய கரடும் தார்ச்சாலையும் இரவில் அந்தச் சூட்டை அகச்சிவப்பு அலைகளாக வெளியே விடுகின்றன. காற்றில் மிகுந்திருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த அலைகளைத் தடுப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு தடுக்கிறது. 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அலை வந்தால், அதன் மூலக்கூறு அதே அதிர்வெண்ணில் வளைந்து அதிர்ந்து ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதி தரைக்கே திரும்புகிறது. பூமி சூடாவதன் அடிப்படை இதுதான். அலையைப் படிக்காமல் கார்பனின் விளைவு புரியாது.

• 1856-இல் அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் ஃபுட் என்ற பெண், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால் வாயுக்கள் வெப்பக் கதிர்களை ஏற்பதை அளந்தார். 1958-இல் ஹவாய் தீவின் மௌனா லோவாவில் கீலிங் என்ற அறிவியலாளர் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் இந்த வாயு 10 லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

வகுப்பில் செய்து பார்க்க

முட்டை ஓட்டை வினிகரில் போடுங்கள். பொங்கும் குமிழ்கள் கார்பன் டை ஆக்சைடு. தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழலால் ஊதுங்கள், உறிஞ்சிவிடாமல். உங்கள் மூச்சு அதைப் பால்போல் ஆக்கும். டிவி ரிமோட்டை அழுத்திச் செல்போன் கேமராவில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல போன்களில் தெரியும். 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரையிலான அரசுப் பள்ளி வகுப்புகளுக்கு இத்தகைய எளிய சோதனைகளைக் கொண்டுபோகத்தான் வந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வில் கார்பன் சுழற்சியை வரையச் சொல்லும்போது, வெள்ளைக்கல் சூளை, கோழிப்பண்ணை, சேகோ ஆலை, ஏரி வண்டல், மேட்டூர் புகைபோக்கி என்று தன் ஊரையே ஒரு பிள்ளை வரைந்தால் முழு மதிப்பெண் போடுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பாடம் நன்றாகவே புரிந்திருக்கிறது.